11 மாவட்டத்துக்குத் தளர்வு இல்லை: நம் எம்எல்ஏக்கள் கேட்க வேண்டியது என்ன?

அமராவதிக்கரை | 12 ஜூன் 2021

நேற்று வந்த கொரோனா ஊரடங்குத் தளர்வு அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திங்கள்கிழமையிலிருந்து 27 மாவட்டங்களில் சலூன் திறக்கலாம், பூங்காவில் காலையில் நடக்கலாம், டாஸ்மாக் 10 மணி முதல் 5 மணி வரை. கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய 11 மாவட்டங்களுக்கு இவை கிடையாது. தொற்று இன்னும் போதுமான அளவு இறங்கவில்லை என்கிறார்கள். அந்தக் காரணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மே 26 அன்று கோவையின் ஒருநாள் எண்ணிக்கை சென்னையையே தாண்டியதை மறந்துவிட்டு யாரும் இங்கே பேச முடியாது.

நான் இருப்பது மடத்துக்குளம் பக்கம். ரெவின்யூ கணக்கில் திருப்பூர் மாவட்டம். ஆனால் சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாணத் துணி எல்லாவற்றுக்கும் நாங்கள் போவது உடுமலைக்கு, இல்லாவிட்டால் பழனிக்கு. திருப்பூர் டவுனுக்கு வருடத்தில் எத்தனை முறை போகிறோம் என்று விரல் விட்டு எண்ணலாம். சாமிநாதபுரம் தாண்டினால் திண்டுக்கல் மாவட்டம். திங்கள்கிழமை அங்கே சலூன் திறந்திருக்கும், இங்கே பூட்டியிருக்கும். இங்கிருப்பவர்கள் முடி வெட்ட அங்கே போவார்கள், குடிக்கிறவர்கள் கட்டாயம் போவார்கள், இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒரே கடை வாசலில் போய் நிற்கும்.

இதில் நாம் ஓட்டுப் போட்ட எம்எல்ஏக்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால், என் கண்ணில் பட்டது டாஸ்மாக்கைத் திறக்காதே என்ற ஒன்றுதான். எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமியின் தொகுதியே சேலம் மாவட்டத்தில், அதாவது இந்த 11-க்குள் இருக்கிறது. கோவையில் 10 தொகுதியும் அதிமுக கூட்டணிக்கே போனது. இவர்கள் கேட்க வேண்டியது என்று நான் நினைப்பது இதுதான்: மாவட்டத்தை மொத்தமாகப் பூட்டாதே, தாலுகா வாரியாகத் தொற்று விகிதத்தை வெளியே போடு, எது இறங்கியிருக்கிறதோ அதற்குத் தளர்வு கொடு. திற அல்லது மூடு என்று சொல்வதற்கு எம்எல்ஏ தேவையில்லை, டிவி போதும்.

நூல்_பேல் | 12 ஜூன் 2021

அண்ணா, மடத்துக்குளத்தில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். திருப்பூரில் இருந்து பாருங்கள். பனியன் கம்பெனி வேன் காலையில் எங்கெங்கிருந்து ஆள் ஏற்றி வருகிறது? உடுமலை, தாராபுரம், காங்கேயம், ஏன், திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளிருந்தே வருகிறது. ஒரு வேனில் எத்தனை பேர் அடைத்து உட்கார்ந்து வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உடுமலையைத் திறந்து திருப்பூரை மூடினால் அந்த வேன் எந்தக் கணக்கில் வரும்?

எங்களுக்கு இப்போது சிக்கல் வேறு. வெளிநாட்டு பையர் ஊரடங்கைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். சாம்பிள் போகவில்லை என்றால் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போகும். ஏற்றுமதி கம்பெனிகளைக் கொஞ்சம் ஆட்களோடு ஓட்ட விட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் ஏற்றுமதி கம்பெனி தனியாக ஒரு சட்டையை முடித்துவிட முடியாது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சந்தில் தனித் தனி ஜாப்வொர்க் யூனிட். இதில் ஒன்று மூடிக் கிடந்தாலும் சட்டை அங்கேயே நிற்கும். இதைத்தான் எம்எல்ஏ போய்ச் சொல்ல வேண்டும். ஐஏஎஸ் அதிகாரிக்கு இந்தச் சங்கிலி தெரிய வாய்ப்பில்லை. இங்கே இருப்பவனுக்குத்தான் தெரியும்.

ரெட்டைஇலை_77 | 12 ஜூன் 2021

மறைக்காமல் சொல்லுங்கள், திமுகவுக்கு ஓட்டுப் போடாத மாவட்டத்துக்குத் தண்டனை. கொங்கு மண்டலம் மொத்தமாகப் பட்டியலில் வந்தது தற்செயலா? தடுப்பூசியிலும் எங்களுக்குக் கடைசி இடம்தானே?

கொள்ளிடத்தான் | 12 ஜூன் 2021

ரெட்டைஇலை தம்பி, பட்டியலை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். மயிலாடுதுறையில் மூன்று தொகுதி, மூன்றும் திமுக கூட்டணி. தஞ்சாவூரில் ஒரத்தநாட்டைத் தவிர எல்லாம் அவர்களுக்கே. கரூரில் நான்குக்கு நான்கு திமுக. கரூர் எம்எல்ஏ யார்? செந்தில் பாலாஜி. அவர் கையில் இருக்கும் துறை எது? மின்சாரத்தோடு சேர்த்து மதுவிலக்கு, ஆயத்தீர்வை. டாஸ்மாக் அமைச்சரின் சொந்த ஊரிலேயே டாஸ்மாக் பூட்டு. பழிவாங்குவதாக இருந்தால் இப்படியா பழிவாங்குவார்கள்?

எங்கள் மாவட்டம் போன டிசம்பர் 28-ஆம் தேதிதான் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து புது மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. மூச்சுத் திணறல் என்றால் திருவாரூருக்கு ஓடு, தஞ்சாவூருக்கு ஓடு, இல்லை ஆற்றைத் தாண்டிச் சிதம்பரத்துக்கு ஓடு. சிதம்பரம் கடலூர் மாவட்டம், தளர்வு உண்டு. கொள்ளிடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் சலூன் திறக்கப் போகிறது, இந்தப் பக்கம் கிடையாது. எனக்கும் கடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அமராவதிக்கரை சொல்லும் தாலுகாக் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம். தொற்று விகிதம் மட்டும் பார்த்துத் திறந்தால், நோய் திரும்ப ஏறும்போது படுக்கை எங்கே இருக்கிறது என்பதை யார் பார்ப்பது? சீர்காழியில் விகிதம் குறைந்துவிட்டது என்று திறந்தாலும், சீர்காழிக்காரன் சேரப்போகும் ஆஸ்பத்திரி வேறு மாவட்டத்தில் இருக்கிறது.

நெறியாளர் | 12 ஜூன் 2021

கட்சி வாழ்க ஒழிக பதிவுகள் நான்கை நீக்கியிருக்கிறேன். தளர்வைப் பற்றிப் பேசுங்கள்.

பழையபேப்பர் | 13 ஜூன் 2021

டாஸ்மாக் பேச்சு வந்ததால் போன வருடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். 2020 மே 7, சென்னை நீங்கலாகக் கடைகளை அப்போதைய அதிமுக அரசு திறந்தது. ஒரே நாளில் 170 கோடிக்கு மேல் விற்பனை. அன்று காலை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலினும் கூட்டணிக் கட்சிக்காரர்களும் கறுப்புச் சின்னம் அணிந்து அவரவர் வீட்டு வாசலில் நின்றார்கள். மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது, அரசு உச்ச நீதிமன்றம் போனது, மே 15 அன்று தடை வாங்கியது, 16 அன்று கடை திறந்துவிட்டது. இந்த வருடம் ஸ்டாலின் முதல்வர், கடை திறக்கிறது. அதிமுகவும் பாஜகவும் எதிர்க்கின்றன. போன வருடம் ஒருவர் பேசிய வசனத்தை இந்த வருடம் மற்றவர் பேசுகிறார், அவ்வளவுதான். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் விற்கும் சரக்கை எந்த நிதி அமைச்சரும் மூடி வைக்க மாட்டார் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஆகையால் டாஸ்மாக்கைப் பற்றி ஒரு எம்எல்ஏ சொல்வதை, ஊரடங்குத் தளர்வைப் பற்றிய அவருடைய கருத்தாக நான் எடுத்துக்கொள்வதே இல்லை. அவர் எந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அதிலிருந்து தெரியும்.

கத்தரிக்கோல் | 13 ஜூன் 2021

சலூன் வைத்திருப்பவன் நான், ஈரோடு மாவட்டம். எல்லோரும் டாஸ்மாக் டாஸ்மாக் என்கிறீர்கள். எங்கள் தொழில் நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, அதைப் பேச ஆள் இல்லை. போன வருடம் மாதக்கணக்கில் மூடினோம். இந்த வருடம் மே 10 அன்று ஊரடங்கு தொடங்குவதற்கு முன்பே எங்களை மூடச் சொல்லிவிட்டார்கள். கடை வாடகை நிற்கவில்லை, சேரும் கண்ணாடியும் வாங்கின தவணை நிற்கவில்லை. ரேஷன் கார்டுக்கு 2,000 வந்தது, இந்த மாதம் இன்னொரு 2,000, கூடவே 14 பொருள். வாங்கிக்கொண்டேன், நல்லதுதான். வாடகைக்கு அது எந்த மூலை?

கடை திறக்காததால் முடி வெட்டுவது நின்றுபோனது என்று நினைக்கிறீர்களா? வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். போகிறோம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு, உள்ளே ஹாலில் உட்கார வைத்து, காற்றும் இல்லாமல். கடையிலாவது கதவைத் திறந்து வைத்து ஆளுக்கு ஒரு துணி மாற்றி ஒழுங்காகச் செய்வேன். வீட்டுக்கு வீடு போவது கடையை விட ஆபத்து என்று எந்த எம்எல்ஏவாவது கலெக்டரிடம் சொல்லியிருப்பாரா? எங்களுக்குச் சங்கம் இருக்கிறது, மனுக் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அமராவதிக்கரை | 13 ஜூன் 2021

கத்தரிக்கோல் அண்ணா, நான் சொல்ல வந்ததை நீங்கள்தான் சரியாகச் சொன்னீர்கள். எதைத் திறந்தால் ஆபத்து குறைவு, எதை மூடினால் அது வேறு வழியில் உள்ளே வரும் என்பது அந்தந்த ஊரில் புழங்குகிறவனுக்குத்தான் தெரியும். இந்தத் தகவல் மேலே போக வழி எம்எல்ஏ. அந்த வழியில் இப்போது அறிக்கைகள் மட்டும் போகின்றன.

செக்‌ஷன்34 | 13 ஜூன் 2021

எல்லோரும் எம்எல்ஏ எம்எல்ஏ என்கிறீர்கள். சட்டப்படி அவருக்கு இதில் இடமே இல்லை, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஊரடங்கு ஆணைகள் வருவது 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ். மாநில நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் தலைமைச் செயலாளர். மாவட்ட அளவில் பேரிடர் ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர், இணைத் தலைவராக உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி, அப்புறம் எஸ்பி, தலைமை மருத்துவ அதிகாரி போன்றவர்கள். எம்எல்ஏ என்ற சொல்லே அந்தப் பட்டியலில் கிடையாது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் என்று எழுதிய சட்டம் அது. நான்கு நாள், பத்து நாள் வேலை. ஒன்றேகால் வருடம் ஒரு மாநிலத்தின் கடை நேரத்தை இதை வைத்து ஓட்டுவார்கள் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

சட்டமன்றமும் கூடினால்தானே பேச முடியும்? போன வருடம் மார்ச் 24 அன்று பட்ஜெட் கூட்டத்தொடரைச் சுருக்கிக்கொண்டு போனவர்கள், செப்டம்பரில் கலைவாணர் அரங்கத்தில் மூன்று நாள் கூடினார்கள். நடுவில் எத்தனை ஊரடங்கு, எத்தனை தளர்வு, ஊர் விட்டு ஊர் போக இ-பாஸ் கொடுமை, கோயம்பேடு சந்தையில் பரவிய தொற்று, எல்லாம் போய்விட்டது. அந்த நேரத்தில் ஒன்றும் அவையில் விவாதிக்கப்படவில்லை.

ஒரே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. போன மாதம் 13 எம்எல்ஏக்கள் கொண்ட அனைத்துக் கட்சி ஆலோசனைக் குழு போட்டார்கள், முதல்வர் தலைமையில். திமுகவின் டாக்டர் எழிலன், அதிமுகவின் முன்னாள் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர், பாமகவின் ஜி.கே.மணி, பாஜகவின் நயினார் நாகேந்திரன் எல்லாம் அதில் உண்டு. எதிர்க்கட்சிக்காரரை, அதுவும் போன ஆட்சியில் இதே துறையைப் பார்த்தவரை, கூப்பிட்டு உட்கார வைத்தது நம் ஊர் வழக்கத்துக்குப் பெரிய விஷயம் என்றே சொல்வேன்.

கொள்ளிடத்தான் | 13 ஜூன் 2021

அந்தக் குழுவையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள் ஐயா. இப்போது பூட்டிக் கிடக்கும் 11 மாவட்டத்திலிருந்து அதில் இருப்பவர்கள் திருச்செங்கோடு ஈஸ்வரன், பாபநாசம் ஜவாஹிருல்லா, கீழ்வேளூர் நாகை மாலி, மூன்று பேர். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலத்திலிருந்து ஒருவரும் இல்லை. கட்சிக்கு ஒருவர் என்று போட்டால் அப்படித்தான் வரும். கட்சிக்கு ஒருவர் என்பது சரி, மண்டலத்துக்கு ஒருவர் என்றும் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் மே 22 கூட்டம். அந்தக் குழுவையும் மருத்துவ நிபுணர்களையும் கலந்து பேசிய கையோடு 24-ஆம் தேதியிலிருந்து தளர்வில்லாத முழு ஊரடங்கு. முந்தைய நாள்தான் மாநிலத்தின் ஒருநாள் தொற்று எண்ணிக்கை 36,184. மூடியது சரி. ஆனால் மூடுவதற்கு முன் அன்று இரவு 9 மணி வரைக்கும் மறுநாள் முழுக்கவும் எல்லாக் கடையையும் திறந்து, வெளியூர் பஸ்ஸையும் விட்டார்களே, அது யார் யோசனை? ஜவுளிக்கடையில் கூட்டம் தீபாவளி மாதிரி. 13 எம்எல்ஏவில் ஒருவர்கூடவா இது வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்? சொல்லியிருந்தாலும் நமக்குத் தெரியாது. கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்ற குறிப்பு எங்கே இருக்கிறது?

ரெட்டைஇலை_77 | 13 ஜூன் 2021

இதற்குத்தான் சொல்கிறேன், கோவையில் ஆளுங்கட்சி எம்எல்ஏ இல்லாததால் எங்கள் குரலுக்கு மதிப்பில்லை. வெளியிலிருந்து அமைச்சர்களைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

நூல்_பேல் | 13 ஜூன் 2021

போட்டதால் என்ன கெட்டுப்போனது? சக்கரபாணி ஒட்டன்சத்திரத்துக்காரர், பக்கத்து ஊர்தான். கோவைக்குப் பொறுப்பு அமைச்சர் வேண்டாம் என்கிறீர்களா? முதல்வரே மே 30 அன்று இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் பிபிஇ கிட் போட்டுக்கொண்டு கோவிட் வார்டுக்குள் போனார். அதே நாளில் ட்விட்டரில் திரும்பிப் போ என்று டிரெண்ட் செய்தது யார் என்றும் தெரியும். சரி விடுங்கள், நெறியாளர் இதையும் நீக்கிவிடப் போகிறார்.

ஸ்வாப்_ஸ்டிக் | 14 ஜூன் 2021

ஆய்வகத்தில் வேலை. இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், அமராவதிக்கரைக்கு ஒரு பதில் எழுத வேண்டும் என்று.

தொற்று விகிதம் என்பது 100 பேரைச் சோதித்தால் எத்தனை பேருக்கு பாசிட்டிவ் என்பது. உலக சுகாதார நிறுவனம் போன வருடம் சொன்னது, திறப்பதற்கு முன் இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தலைவர் பல்ராம் பார்கவா போன மாதம் சொன்னது, 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மாவட்டங்களை ஆறு முதல் எட்டு வாரம் மூடி வைக்க வேண்டும் என்று. நம் மாநிலத்தில் எடுப்பது எல்லாம் ஆர்டிபிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை, அதனால் எண்ணை நம்பலாம். ஆனால் நம்புவதற்கு மாதிரி போதுமான அளவு எடுத்திருக்க வேண்டும். சின்ன தாலுகாவில் ஒரு நாளைக்கு எடுக்கும் மாதிரி மிகக் குறைவு. ஒரு வீட்டில் ஆறு பேருக்கு வந்தால் விகிதம் எகிறிவிடும், மறுநாள் பூஜ்யம். அதை வைத்துக் கடையைத் திறந்து திறந்து மூட முடியாது. இன்னொன்று, கணக்கு முகவரிப்படி போகும். வேலை செய்யும் இடத்தில் தொற்றி, சொந்த ஊர் முகவரியில் பதிவாகிறவர்கள் ஏராளம். நூல்_பேல் சொன்ன வேன் அதுதான்.

அதற்காக மாவட்டம்தான் ஒரே வழி என்று நான் சொல்லவில்லை. சுகாதாரத் துறையே ரெவின்யூ மாவட்டத்தை வைத்து வேலை செய்வதில்லை. சுகாதார மாவட்டம் என்று தனியாக உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துக்குள் பழனி தனிச் சுகாதார மாவட்டம், சேலத்துக்குள் ஆத்தூர் தனி. கோவில்பட்டி, சிவகாசி, பரமக்குடி, அறந்தாங்கி, செய்யாறு எல்லாம் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை இயக்குநர், அதற்குக் கீழே வட்டார மருத்துவ அலுவலர். எண்கள் வட்டாரத்திலிருந்துதான் மேலே போகின்றன. அதாவது நீங்கள் கேட்கும் கணக்கு புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. மாலையில் அரசு வெளியிடும் அறிக்கையில் அது மாவட்டமாகச் சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். எம்எல்ஏ கேட்பதாக இருந்தால், தாலுகாவைக் கேட்காமல் சுகாதார மாவட்ட வாரியாகக் கேட்கட்டும். ஏழு நாள் சராசரி, கூடவே ஆக்சிஜன் படுக்கை எத்தனை காலி. கொள்ளிடத்தான் கேட்ட கேள்விக்கும் அதில் பதில் வந்துவிடும்.

அமராவதிக்கரை | 14 ஜூன் 2021

இது நல்ல யோசனை. சேலத்துக்குள் ஆத்தூர் தனி என்பது தலைவாசல், கெங்கவல்லிக்காரர்களுக்குத் தெரியுமா என்றே சந்தேகம். எடப்பாடிக்காரர் முதல்வராக இருந்தவர், அவருக்குக் கட்டாயம் தெரியும். ஆத்தூரில் விகிதம் என்ன, ஓமலூரில் என்ன, எனக்குக் காட்டு என்று எதிர்க்கட்சித் தலைவர் கேட்டால் அதிகாரிகள் இல்லை என்று சொல்ல முடியாது. ஜூன் 21 அன்று கவர்னர் உரையோடு அவை கூடப்போகிறது. அங்கே எழுந்து கேட்கலாம்.

மில்வாக்கி_தமிழ் | 15 ஜூன் 2021

நான் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறேன். எம்எல்ஏக்களுக்கு அதிகாரம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனி இந்தப் பேச்சில் தெரிவதால் இங்கே நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

2020 மார்ச்சில் கவர்னர் (உங்கள் முதல்வர் மாதிரி) டோனி எவர்ஸ் வீட்டிலேயே இருக்கச் சொல்லி ஆணை போட்டார். ஏப்ரலில் அதை மே 26 வரை சுகாதாரத் துறைத் தலைவர் ஆண்ட்ரியா பாம் நீட்டித்தார். கவர்னர் ஒரு கட்சி, சட்டமன்றம் வேறு கட்சி. கீழவையின் சபாநாயகர் ராபின் வோஸ், மேலவைப் பெரும்பான்மைத் தலைவர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் இரண்டு பேரும் சட்டமன்றத்தின் பெயரில் வழக்குப் போட்டார்கள். இவர்கள் சொன்ன வாதம் உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும்: தேர்ந்தெடுக்கப்படாத ஓர் அதிகாரி தனியாக உட்கார்ந்து மொத்த மாநிலத்தையும் மூட முடியாது, எங்களைக் கலந்து விதி எழுத வேண்டும் என்றார்கள். கிராமப்புறக் கவுண்டிகளை (உங்கள் மாவட்டம் மாதிரி) முதலில் திறக்கலாம் என்ற பேச்சும் அந்தப் பக்கத்தில் பலமாக இருந்தது. மே 13 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று அவர்கள் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது. அன்று இரவே பார்கள் திறந்து நிரம்பி வழிந்தன.

பிறகு நடந்ததுதான் முக்கியம். பழைய ஆணை போய்விட்டது, புது விதியை எழுத வேண்டிய சட்டமன்றம் எழுதவில்லை. ஏப்ரல் 2020-க்குப் பிறகு அந்த ஆண்டு முடியும் வரை ஒரு மசோதாகூட நிறைவேற்றவில்லை. மில்வாக்கி நகரமும் மேடிசன் இருக்கும் டேன் கவுண்டியும் தங்கள் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டன, பக்கத்துக் கவுண்டிகளில் ஒன்றுமே இல்லை, ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். உங்கள் சாமிநாதபுரம் கதைதான். அக்டோபரில் நாட்டிலேயே மோசமான நிலையில் இருந்த மாநிலங்களில் எங்களுடையதும் ஒன்று. பொருட்காட்சி மைதானத்தில் தற்காலிக ஆஸ்பத்திரி போட வேண்டி வந்தது. வோஸ் கேட்ட அதிகாரப் பங்கு தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வாங்கிய பங்கை வைத்து வேலை செய்யாததுதான் தப்பு.

செக்‌ஷன்34 | 15 ஜூன் 2021

அருமையான தகவல் நண்பரே. அங்கே சட்டமன்றம் ஆணையை உடைத்தது. இங்கே சட்டமன்றத்திடம் ஆணையைக் காட்டவே இல்லை. நான் கேட்பது நடுவில் ஒன்று. 14 நாளுக்கு மேல் ஓடும் எந்த ஊரடங்கு ஆணையையும் எந்த எண்ணை வைத்துப் போட்டோம் என்ற விவரத்தோடு அவையில் வைக்க வேண்டும் என்று ஒரு விதி. நிறுத்தும் அதிகாரம்கூட வேண்டாம், வைத்தால் போதும். வைத்தால்தான் எம்எல்ஏ எழுந்து ஆத்தூர் எங்கே என்று கேட்க முடியும்.

பழையபேப்பர் | 15 ஜூன் 2021

எம்எல்ஏக்களை ரொம்பவும் திட்டிவிட்டோமோ என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. நோயில் அவர்களும் செத்திருக்கிறார்கள். சேப்பாக்கம் ஜெ.அன்பழகன் போன வருடம் ஜூன் 10 அன்று தன் பிறந்தநாளிலேயே போனார், நிவாரணப் பொருள் கொடுக்கப் போய்த் தொற்றிக்கொண்டது என்றார்கள். அக்டோபர் கடைசியில் அமைச்சர் துரைக்கண்ணு. அவர் பாபநாசம் எம்எல்ஏ, கொள்ளிடத்தான் சொன்ன ஜவாஹிருல்லா இப்போது இருக்கும் அதே தொகுதி. தெருவில் இறங்கி அரிசி கொடுக்க நம் ஆட்கள் தயங்குவதில்லை. உட்கார்ந்து எண்ணைப் படித்துக் கேள்வி கேட்கச் சொன்னால்தான் வருவதில்லை. அரிசி கொடுத்தால் போட்டோ வரும், துணை இயக்குநரிடம் விகிதம் கேட்டால் என்ன வரும்?

கத்தரிக்கோல் | 16 ஜூன் 2021

இன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒருவர் தர்மபுரிப் பக்கம் போய் முடி வெட்டிக்கொண்டு, வரும்போது பையில் பாட்டிலும் கொண்டு வந்திருக்கிறார். தொப்பூரில் போலீஸ் பையைத்தான் பார்த்ததாம், தலையைப் பார்க்கவில்லையாம்.

நூல்_பேல் | 20 ஜூன் 2021

புது அறிவிப்பு வந்துவிட்டது, பார்த்தீர்களா? இப்போது மூன்று வகை. நம் 11 மாவட்டம் வகை ஒன்று, 23 மாவட்டம் வகை இரண்டு, சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் நான்கும் வகை மூன்று, அவர்களுக்குப் பஸ்ஸே ஓடப்போகிறது. அலகு மட்டும் மாறவில்லை, அதே மாவட்டம்தான். அமராவதிக்கரை அண்ணா, உங்கள் மடத்துக்குளம் வகை ஒன்று, பழனி வகை இரண்டு.

அமராவதிக்கரை | 20 ஜூன் 2021

பார்த்தேன். மூன்றாகப் பிரிக்க முடிந்தவர்களால் இன்னும் ஒரு படி கீழே போக முடியாதா என்பதுதான் என் ஆதங்கம். ஆனாலும் இரண்டாக இருந்தது மூன்றானதை நான் முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் மே மாதம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பது எண்ணில் தெரிகிறது, அவர்களுக்குப் பஸ் கொடுத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை.

ஸ்வாப்_ஸ்டிக் | 21 ஜூன் 2021

வகைக்கு வகை எந்த எண்ணில் மாறும் என்பதையும் சொல்லியிருந்தால் ஜனங்கள் தாங்களே பொறுமையாக இருப்பார்கள். இந்த எண்ணுக்கு இறங்கினால் உனக்குச் சலூன், இதற்கு இறங்கினால் பஸ் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் மாலை அறிக்கையைப் பார்த்து ஊரே கணக்குப் போடும். இப்போது வாரக் கடைசியில் என்ன சொல்லப் போகிறார்களோ என்று டிவி முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது.

கொள்ளிடத்தான் | 2 ஜூலை 2021

வகை எல்லாம் போயாச்சு. 5-ஆம் தேதியிலிருந்து 38 மாவட்டத்துக்கும் ஒரே மாதிரி. டீக்கடையில் உட்கார்ந்து குடிக்கலாம், துணிக்கடை, கோவில், மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ். டாஸ்மாக் நம்மிடமும் திறக்கிறது. தியேட்டர், பள்ளிக்கூடம் கிடையாது.

ரெட்டைஇலை_77 | 2 ஜூலை 2021

நாங்கள் கத்தியதால்தான் கிடைத்தது.

ஸ்வாப்_ஸ்டிக் | 2 ஜூலை 2021

எண்ணிக்கை இறங்கியதால் கிடைத்தது. கத்தியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்தால் ஜூன் 14-லேயே கிடைத்திருக்கும்.

செக்‌ஷன்34 | 3 ஜூலை 2021

அவை கூடிக் கலைந்தும்விட்டது. ஊரடங்கு ஆணையை அவையில் வைக்கும் விதி வந்ததாக நான் பார்க்கவில்லை. மூன்றாவது அலை வரும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், வந்தால் மறுபடி இதே மாவட்டப் பட்டியல்தான். என் தொகுதி எம்எல்ஏ அலுவலகத்துக்கு ஸ்வாப்_ஸ்டிக் எழுதிய சுகாதார மாவட்ட யோசனையை ஒரு பக்கமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். மற்றவர்களும் அவரவர் தொகுதிக்கு அனுப்புங்கள், கட்சி பார்க்க வேண்டாம்.

கத்தரிக்கோல் | 3 ஜூலை 2021

எனக்கும் அந்தக் கடிதத்தை அனுப்புங்கள் ஐயா, எங்கள் சங்கத்து லெட்டர்பேடில் போட்டுக் கொடுக்கிறோம். அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கடையை மூடினால் வீட்டுக்குப் போவோம், அதையும் கணக்கில் வையுங்கள் என்று. திங்கள்கிழமை ஆறு மணிக்கே கடை திறக்கிறேன், ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான், போன் செய்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.